கொங்கு நகரங்களின் தெருவலையும் ஃபிராக்டல் கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் ஊரின் தெருக்களை ஃபிராக்டல் என்று சொல்வது எந்த அர்த்தத்தில்?

கோவை வரைபடத்தை எட்ட வைத்துப் பார்த்தால் அவிநாசி ரோடு, திருச்சி ரோடு, சத்தி ரோடு, மேட்டுப்பாளையம் ரோடு, பாலக்காடு ரோடு, பொள்ளாச்சி ரோடு என நடுவிலிருந்து பிரிந்து போகும் சில கோடுகள்தாம் தெரியும். கொஞ்சம் கிட்டே போனால் வழியிலுள்ள பீளமேடு, சிங்காநல்லூர், கணபதி ஆகிய பழைய ஊர்களில் அந்தக் கோடுகள் கிளை விடுகின்றன. இன்னும் கிட்டே போனால் கிளையிலிருந்து சந்துகள். எந்த மட்டத்தில் பார்த்தாலும் நெருக்கமும் வெற்றிடமும் கலந்தே கிடக்கின்றன. இதைத்தான் தன்னொப்புமை என்கிறோம்.

பெனுவா மாண்டல்பிராட் 1967-இல் பிரிட்டன் கடற்கரையை எடுத்துக்கொண்டு, அளக்கும் கோலைச் சிறிதாக்கச் சிறிதாக்கக் கரையின் நீளம் கூடிக்கொண்டே போவதை விளக்கினார். 1975-இல் இத்தகைய வடிவங்களுக்கு ஃபிராக்டல் என்று பெயரிட்டார். தெருக்களுக்கும் கணக்கு அதே வகைதான். ஆனால் கணிதத்தில் வரும் ஃபிராக்டல் முடிவில்லாமல் உள்ளே போகும். தெருவலை அப்படிப் போகாது. நூறு, ஐம்பது மீட்டருக்குக் கீழே இறங்கியதும் வெறும் ரோடுதான் மிஞ்சும். இந்த எல்லையை மறப்பதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. கீழே அதை விரிவாகச் சொல்லியிருக்கிறோம்.

தெருவலையின் ஃபிராக்டல் பரிமாணம் 1.7 என்றால் என்ன பொருள்?

வரைபடத்தின் மேல் சதுரக் கட்டங்களைப் போட்டு, தெரு ஓடும் கட்டங்களை மட்டும் எண்ணுங்கள். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கி மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை 2 மடங்கானால் பரிமாணம் 1. ஒற்றை ரோடு இப்படித்தான் நடந்துகொள்ளும். 4 மடங்கானால் 2. பரப்பு முழுக்கத் தெரு நிறைந்திருக்கிறது. 3 மடங்கானால் 1.585, 3.25 மடங்கானால் 1.70. மடங்கின் மடக்கையை 2-இன் மடக்கையால் வகுத்தால் கிடைப்பதுதான் அந்த எண்.

அளக்க என்னென்ன வேண்டும்? எப்படிச் செய்வது?

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும், தன்னார்வலர்கள் வரைந்து சேர்க்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் தரவும் போதும். இரண்டுமே இலவசம். குயிக்ஓஎஸ்எம் செருகுநிரலில் ஹைவே என்ற குறியைக் கொடுத்துத் தெருக்களை இறக்குங்கள். நெடுஞ்சாலை முதல் குடியிருப்புத் தெரு வரை வைத்துக்கொண்டு, நடைபாதைகளையும் மில், கல்லூரி வளாகங்களின் உள்வழிகளையும் நீக்குங்கள். வளாக வழிகளைச் சேர்ப்பதா விடுவதா என்பது உங்கள் முடிவு. ஆனால் ஒரே ஆய்வுக்குள் அதை மாற்றக் கூடாது.

அடுத்து, அவிநாசி ரோடு போன்ற நடுத்திட்டு வைத்த சாலைகள் தரவில் இரண்டு இணைகோடுகளாக வரும். அவற்றை ஒன்றாக்குங்கள். பிறகு 12.8 கிலோமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரச் சாளரத்தை நகர நடுவை மையமாக வைத்து வரையுங்கள். 12.8 என்பது பாதி பாதியாக வெட்ட வசதியான எண்: 3200, 1600, 800, 400, 200, 100 மீட்டர் என்று மிச்சமில்லாமல் பிரியும். ஒவ்வோர் அளவுக்கும் கிரியேட் கிரிட் கருவியால் கட்டங்களை உருவாக்கி, தெருக்கோடு தொடும் கட்டங்களை இடவழித் தேர்வால் (செலக்ட் பை லொகேஷன்) பிரித்தெடுத்து எண்ணுங்கள்.

கட்டங்கள் எந்தப் புள்ளியில் தொடங்குகின்றன என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். ஆகவே ஒவ்வோர் அளவிலும் கட்ட அடுக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி ஏழெட்டு முறை எண்ணி, கிடைப்பவற்றில் குறைந்ததை எடுங்கள். தள்ளும்போது சாளரத்தின் ஓரம் வெறுமையாகிவிடாமலிருக்க, கட்ட அடுக்கு சாளரத்தைவிட ஒரு வரிசை பெரிதாக இருக்கட்டும்.

நகரத்தை அளக்குமுன் முறையைச் சோதியுங்கள். ஒரு நேர்கோட்டைக் கொடுத்தால் 1 வர வேண்டும். சியர்பின்ஸ்கி முக்கோணத்துக்கு 1.585, காக் வளைகோட்டுக்கு 1.262. இவை வராவிட்டால் எண்ணும் வழியில்தான் பிழை.

ஈரோட்டுக்கும் சேலத்துக்கும் ஒரே ஆயமுறை (வரைபடத்தில் இடத்தை எண்களால் குறிக்கும் முறை) போதுமா?

போதாது. பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் ஆயமுறையில், மண்டலங்கள் 78 பாகை கிழக்கில் பிரிகின்றன. அந்தக் கோடு கொங்கு நாட்டை ஊடறுத்துப் போகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி 43 வடக்கு மண்டலம் (குறியெண் 32643). சேலம், நாமக்கல், கரூர் 44 வடக்கு (32644). அகலாங்கு நெட்டாங்குப் பாகைகளிலேயே கட்டம் போட்டால் இன்னும் மோசம்: நம் அகலாங்கில் கிழக்கு மேற்குப் பாகை வடக்கு தெற்குப் பாகையைவிடச் சிறியது, கட்டம் சதுரமாக இராது.

கட்ட அளவு, எண்ணிக்கை இரண்டின் மடக்கைகளையும் புள்ளிகளாக வைத்தால், பரிமாணத்தைச் சாய்வாகத் தரும் நேர்கோடு அருமையாகப் பொருந்துகிறது, ஆர் ஸ்கொயர் (பொருத்தத்தின் அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.99 வருகிறது. அப்படியானால் நகரம் ஃபிராக்டல்தானே?

அந்த முடிவுக்கு வர முடியாது. கையாலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு கணக்கு இதோ.

6.4 கிலோமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத்தில், 100 மீட்டருக்கு ஒரு தெரு வீதம் குறுக்கும் நெடுக்குமாகத் துல்லியமான கட்டத் தெருக்கள் இருப்பதாக வையுங்கள். இதில் ஃபிராக்டல் தன்மை துளியும் இல்லை. 3200 மீட்டர் கட்டத்தில் எண்ணினால் 4, 1600-இல் 16, 800-இல் 64, 400-இல் 256, 200-இல் 1024, 100-இல் 4096. இதுவரை ஒவ்வொரு படிக்கும் 4 மடங்கு, அதாவது பரிமாணம் 2. இன்னும் இறங்குங்கள். 50 மீட்டரில் 12,288, 25 மீட்டரில் 28,672, 12.5 மீட்டரில் 61,440. இங்கே படிக்குப் படி கிடைக்கும் பரிமாணம் 1.58, 1.22, 1.10 என்று சரிந்து 1-ஐ நோக்கிப் போகிறது. கட்டம் தெரு இடைவெளியைவிடச் சிறிதானதும் நீங்கள் நகரத்தை அளக்கவில்லை, தனித்தனி ரோட்டை அளக்கிறீர்கள்.

இந்த ஒன்பது புள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே நேர்கோட்டைப் பொருத்தினால் சாய்வு 1.79, ஆர் ஸ்கொயர் 0.99. வெறும் சதுரக் கட்டத்துக்கு இப்படி ஒரு பின்ன எண் வருகிறதென்றால், உயர்ந்த ஆர் ஸ்கொயர் எதையும் நிரூபிக்கவில்லை. ஆகவே ஒரே எண்ணை வெளியிடாதீர்கள். படிக்குப் படி சாய்வை எழுதிக் காட்டுங்கள். சாய்வு ஏறக்குறைய மாறாமல் நிற்கும் அளவுகளுக்கு மட்டுமே பரிமாணம் என்ற சொல் பொருந்தும். 100 முதல் 3200 மீட்டர் வரை என்பது 32 மடங்குதான். இது குறுகிய வீச்சு, அதை எழுத்தில் ஒப்புக்கொள்வதே முறை.

பழைய காலத் தெருக்களை எங்கிருந்து எடுப்பது?

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பழைய பதிப்புகளிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். அதில் ஒரு தெரு சேர்ந்த தேதி, யாரோ அதை வரைந்த தேதி. தெரு போட்ட தேதி அல்ல. அந்தத் தரவை ஆண்டு வாரியாக அடுக்கினால் வரைவோரின் வளர்ச்சிதான் தெரியும்.

இந்திய நில அளவைத் துறையின் தாள்கள் அடிப்படை. மைலுக்கு ஓர் அங்குலம் (1:63,360) பழைய வரிசை, பின்னால் 1:50,000. கோவைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு: 11 பாகை வடக்கும் 77 பாகை கிழக்கும் நகருக்குள்ளேயே வெட்டிக்கொள்வதால், 58ஏ/16, 58பி/13, 58இ/4, 58எஃப்/1 ஆகிய நான்கு தாள்களின் மூலைகளும் நகருக்குள் சந்திக்கின்றன. நான்கும் ஒரே ஆண்டில் அளக்கப்பட்டவையா என்று தாளின் ஓரக் குறிப்பைப் படித்துப் பாருங்கள். ஆண்டு வேறுபட்டால் நகரின் ஒரு கால் பகுதி மற்றதைவிடப் பழையதாகத் தெரியும். அதை வளர்ச்சி என்று எண்ணிவிடுவோம். பழைய தாள்கள் எவரெஸ்ட் கோளவடிவை (பூமியின் வடிவத்துக்கு அன்று வைத்த கணக்கை) அடிப்படையாகக் கொண்டவை. மாற்றாமல் இன்றைய தரவின் மேல் வைத்தால் நூறு மீட்டருக்கு மேல் விலகி நிற்கும்.

1960-களுக்கு அமெரிக்கக் கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்கள் உதவும். 1960 முதல் 1972 வரை எடுத்தவை 1995-இல் பொதுவில் விடப்பட்டன. பிந்தைய படங்களில் இட்டேரியும் (தோட்டங்களுக்கு நடுவே ஓடும் வேலி வைத்த வண்டிவழி) குளக்கரையும் தனித்தனியாகத் தெரியும். ஆனால் சுழன்று படமெடுக்கும் கேமரா என்பதால் ஓரங்கள் இழுபட்டிருக்கும். கோயில், ரயில் பாலம், குளத்து மதகு போன்ற மாறாத இடங்களைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளாக நிறைய வைத்தால்தான் நேராகும். லேண்ட்சாட் செயற்கைக்கோளின் 30 மீட்டர் படத்தில் கட்டடப் பரப்பைத்தான் பார்க்கலாம், சந்து தெரியாது.

ஒவ்வொரு காலத்தையும் புதிதாக வரைவதைவிட, இன்றைய வலையை நகலெடுத்து, பழைய தாளில் இல்லாத தெருக்களை அழித்துக்கொண்டே பின்னோக்கிப் போவது நல்லது. மறைந்துபோன தடங்களை மட்டும் புதிதாகச் சேருங்கள். இப்படிச் செய்தால் எல்லாக் காலத்திலும் ஒரே ரோடு ஒரே இடத்தில் நிற்கும். 1:50,000 தாளில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். நெருக்கமான சந்துகளை வரைவாளர் விட்டிருப்பார். அந்தத் தாளும் சேர்ந்த ஒப்பீட்டில் 100 மீட்டருக்குக் கீழே இறங்க வேண்டாம்.

சாளரத்துக்கு மாநகராட்சி எல்லையை வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். கோவை மாநகராட்சியின் பரப்பு 2011-இல் சுமார் 105 சதுர கிலோமீட்டரிலிருந்து சுமார் 257 ஆனது. தெரு ஒன்றுகூட மாறாமலே பரிமாணம் மாறிவிடும்.

காலம் போகப் போக வலை எப்படி மாறுகிறது?

இரண்டு வேலைகள் சேர்ந்து நடக்கின்றன. ஒன்று, வெற்றிடத்துக்குள் புதிய ரோடு நீள்வது. மற்றது, இருக்கிற ரோடுகளுக்கு நடுவே உள்ள பரப்பைச் சிறு தெருக்கள் நிரப்புவது. இத்தாலியில் மிலான் நகருக்கு வடக்கேயுள்ள குரோவானே பகுதியை 1833 முதல் 2007 வரை வரைபடங்களால் தொடர்ந்த ஆய்வு, 2012-இல் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. முதலில் நீள்வது மேலோங்குகிறது, பின்னால் நிரப்புவது. இன்றைக்கும் போக்குவரத்தின் முதுகெலும்பாக இருப்பவை பெரும்பாலும் மிகப் பழைய ரோடுகளே என்பதும் அதில் தெரிந்தது. பாரிஸில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஓஸ்மான் செய்ததுபோல் பழைய கட்டடங்களை இடித்துப் புது வீதிகள் வெட்டினால்தான் அந்த வரிசை மாறுகிறது.

கொங்கு நகரங்கள் குரோவானே வகையைச் சேர்ந்தவை. கோவையின் ஆரச் சாலைகள் ஊருக்கு ஊர் போன பழைய வழிகள். நீலாம்பூர்–மதுக்கரை புறவழி போன்றவை பிற்காலத்தில் குறுக்கே வந்தவை. நிலையான சாளரத்தில் அளந்தால், நிரப்பும் கட்டத்தில் பரிமாணம் ஏறி 2-க்குக் கீழே எங்கோ தட்டையாகும். அந்த ஏற்றம் எந்த அளவுக் கட்டத்தில் நடந்தது என்பதைப் பாருங்கள். 800 மீட்டருக்கு மேலே சாய்வு ஏறினால் நகரம் புதுப் பக்கங்களுக்குப் பரவியிருக்கிறது. 200-க்கும் 100-க்கும் இடையே ஏறினால் உள்ளே நிரம்பியிருக்கிறது. மொத்த எண் ஒன்றாக இருந்தாலும் இவை இரு வேறு வரலாறுகள்.

நம் பக்கத்து லேஅவுட்டுகளில் ஏன் இத்தனை முட்டுச்சந்துகள்?

இந்தக் கேள்விக்கான பதில் நிலத்தில் இருக்கிறது. கொங்கு நாட்டுக் குடியானவர்கள் எல்லாரும் ஊருக்குள் கூடி வாழவில்லை. அவரவர் தோட்டத்தில் கிணற்றடியில் சாளை கட்டி இருந்தார்கள். தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே இருபுறமும் கிளுவை வேலி வைத்த இட்டேரிகள் ஓடின. மாடும் வண்டியும் போக அதுதான் வழி. இட்டேரி நேராகப் போகாது. வேலி வளையும் இடத்தில் வளையும், பள்ளம் குறுக்கிட்டால் திரும்பும். இன்று நகரின் ஓரத்தில் பேருந்து போகும் ரோடுகள் பல இந்த இட்டேரிகளின் மேல்தான் போடப்பட்டிருக்கின்றன. பழைய தாளில் புள்ளிக்கோடாக இருக்கும் வண்டித்தடத்தை இன்றைய படத்தோடு வைத்துப் பார்த்தால் வளைவுக்கு வளைவு பொருந்துவதைக் காணலாம்.

இப்போது ஒரு தோட்டம் விற்பனைக்கு வருகிறது. 5 ஏக்கர் என்று வையுங்கள்: ஏறக்குறைய 20,235 சதுர மீட்டர், சதுரமாக இருந்தால் பக்கம் 142 மீட்டர். உள்ளே 40-க்கு 60 அடி, அதாவது ஐந்தரை சென்ட் சைட்டுகள். இரண்டு வரிசைச் சைட்டும் ஒரு 30 அடி ரோடும் சேர்ந்தால் 150 அடி, 45.7 மீட்டர். ஆக அந்தத் தோட்டத்துக்குள் மூன்று இணை ரோடுகள்தாம் அடங்கும். மூன்றும் ஒரு பக்கம் இட்டேரி ரோட்டில் சேரும். மறுபக்கம் அடுத்த தோட்டத்து வேலியில் போய் முட்டும். பத்து வருடம் கழித்து அந்தத் தோட்டமும் சைட்டாகும்போது அதன் ரோடுகள் வேறு கோணத்தில் வரும், அல்லது இந்த ரோட்டின் வாயில் ஒரு சைட் வந்து உட்காரும். சில இடங்களில் முதல் லேஅவுட் போட்டவரே கடைசியில் ஓரடி நிலத்தைத் தன் பெயரில் நிறுத்திக்கொள்வார். அடுத்தவர் வழி கேட்டு வர வேண்டும் என்பதற்காக.

இப்படித் தோட்டம் தோட்டமாக நகரம் நிரம்புவதால், தெருவலையில் இரண்டு அளவுகள் பதிந்துவிடுகின்றன: 45 மீட்டரை ஒட்டிச் சைட் வரிசையின் அளவு, 140 மீட்டரை ஒட்டித் தோட்டத்தின் அளவு. கட்டம் எண்ணும்போது சாய்வு முறிவதை இந்த இடங்களில் எதிர்பாருங்கள். நிலம் பாகம் பிரிந்து ஓர் ஏக்கராகிவிட்ட பக்கங்களில் பெரிய அளவு 64 மீட்டருக்கு இறங்கிவிடும்.

ஆர்.எஸ்.புரம் இதற்கு நேர்மாறு. பெரிய பரப்பை ஒரே திட்டமாகப் பிரித்ததால் திவான் பகதூர் ரோட்டுக்கு இருபுறமும் தெருக்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. காந்திபுரத்தின் எண்ணிட்ட தெருக்களும் அப்படியே.

முட்டுச்சந்தை எண்ணால் எப்படிச் சொல்வது? பரிமாணத்தில் அது தெரியுமா?

தெரியாது. ஒரு தெரு அடுத்த தெருவோடு சேர்வதற்கும் 3 மீட்டர் முன்னால் சுவரில் முடிவதற்கும் கட்ட எண்ணிக்கையில் வித்தியாசமே இருக்காது. நடப்பவருக்கு அதுதான் முழு வித்தியாசம். ஆகவே பரிமாணத்தோடு பின்னல் விகிதத்தையும் கணக்கிடுங்கள்: சந்திக்குச் சந்தி உள்ள தெருத்துண்டுகளின் எண்ணிக்கையிலிருந்து சந்திகளை (முட்டுச்சந்து முனைகளும் சேர்த்து) கழித்து 1 கூட்டி, அதைச் சந்திகளின் இரு மடங்கில் 5 குறைத்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். கிளைகள் மட்டுமே உள்ள மரவடிவத்துக்கு 0. பெரிய சதுரக் கட்டத்துக்கு 0.5-ஐ ஒட்டி வரும். ஒரு நகரில் பரிமாணம் ஏறிக்கொண்டே போய்ப் பின்னல் விகிதம் இறங்கினால், தெரு கூடுகிறது, வழி கூடவில்லை.

இந்தக் கணக்கில் மூன்று இடங்களில் கவனம் தேவை. வரைந்தவர் கோட்டை ஒட்டாமல் விட்டிருந்தால் பொய் முட்டுச்சந்து வரும். 3 முதல் 5 மீட்டர் இடைவெளிகளை ஒட்டவைக்கலாம், 20 மீட்டர் என்று கொடுத்தால் வாய்க்காலின் இரு கரைத் தடங்களும் ஒட்டிக்கொள்ளும். மேம்பாலங்கள் கீழே போகும் ரோட்டோடு சந்திப்பதாகக் கணக்காகக் கூடாது. உக்கடம், காந்திபுரம் பகுதிகளில் கண்ணால் சரிபாருங்கள். சாளரத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்ட தெருக்களும் முட்டுச்சந்தாகத் தெரியும். 500 மீட்டர் கூடுதலாக எடுத்து, உள்ளே இருப்பதை மட்டும் எண்ணுங்கள்.

குளம், ஆறு, ரயில் பாதை கணக்கைக் கெடுக்குமா?

கெடுக்காது, ஆனால் விளக்கத்தை மாற்றும். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் குளம் ஆகிய இடங்களில் தெரு ஒருபோதும் நிரம்பாது. ஈரோட்டில் கிழக்கே காவிரி ஒரு விளிம்பு. திருப்பூரை நொய்யலும் ரயில் பாதையும் வெட்டுகின்றன. ஒரே பரிமாணமுள்ள இரண்டு வலைகளில், ஒன்றில் வெற்றிடம் சிறு சிறு துண்டாகச் சிதறியும் மற்றதில் நாலைந்து பெரிய ஓட்டைகளாகவும் இருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்ல லாக்குனாரிட்டி என்ற அளவு உண்டு: ஒரு கட்டத்தைப் படம் முழுக்க நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் உள்ளே விழும் தெருநீளத்தைக் குறித்து, வர்க்கங்களின் சராசரியைச் சராசரியின் வர்க்கத்தால் வகுப்பது. எங்கும் ஒரே சீராக இருந்தால் 1. ஓட்டை பெரிதாகப் பெரிதாக எண் ஏறும். நீர்ப்பரப்பை நீக்கி ஒரு முறையும் வைத்து ஒரு முறையும் கணக்கிட்டு இரண்டையும் தாருங்கள்.

கணினியில் ஃபிராக்டல் வளர்த்து நகரத்தை முன்கூட்டிச் சொல்ல முடியுமா?

1981-இல் விட்டனும் சாண்டரும் தந்த பரவல் திரட்டு மாதிரியில், அலைந்து வரும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிளைகளாக வளரும். அதன் பரிமாணம் ஏறத்தாழ 1.71, பல நகரங்களின் கட்டடப் பரப்பும் அந்த எண்ணை ஒட்டி வருவதால் ஆசை பிறக்கிறது. அந்த மாதிரியில் வளையமே உருவாகாது, கிளைகள்தாம். எண் ஒத்துப்போனாலும் வளர்ந்த விதம் ஒன்றல்ல.

புது லேஅவுட் வருமுன் இதைப் பயன்படுத்த வழி உண்டா?

உண்டு. அந்த இடத்தின் புலப்பட நகலையும் சுற்றியுள்ள புல எண்களின் நகல்களையும் எடுத்து, வண்டிப்பாதைப் புறம்போக்கையும் பத்திரங்களில் மாமூல் வண்டித்தடம் என்று குறித்திருப்பதையும் படத்தில் சேருங்கள். லேஅவுட்டின் உத்தேச ரோடுகளை வரையுங்கள். பிறகு ஓரத்து வீடுகளிலிருந்து அருகிலுள்ள பேருந்து நிறுத்தம், பள்ளி, பக்கத்து லேஅவுட் ஆகியவற்றுக்கு ரோட்டு வழித் தூரத்தை நேர்த் தூரத்தால் வகுங்கள். சதுரக் கட்டத் தெருக்களில் இந்தச் சுற்று விகிதம் 1.41-ஐத் தாண்டாது, சராசரி 1.27. சுவருக்கு அந்தப்பக்கம் 60 மீட்டரில் இருக்கும் வீட்டுக்கு 900 மீட்டர் சுற்ற வேண்டியிருந்தால் விகிதம் 15.

அடுத்து, அடைபட்ட ஒவ்வோர் இட்டேரியையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டதாக வைத்து அதே கணக்கைப் போடுங்கள். எந்த ஒற்றை இணைப்பு அதிக வீடுகளுக்கு விகிதத்தைக் குறைக்கிறதோ, அதன் புல எண்ணையும் அகலத்தையும் நீளத்தையும் எழுதி, வரைபட அனுமதிக்கு முந்தைய நிலையிலேயே மனுவோடு கொடுங்கள். அனுமதியாகிச் சைட் கிரையமான பிறகு ஒரு ரோட்டை நீட்டக் குறுக்கே இருக்கும் சைட்டுக்காரர்களின் சம்மதம் தேவைப்படும்.